மறுக்கப்பட்ட இருபத்தாறு

காபி போடுவதில் நான் கெட்டிக்காரி. இலேனியாவே அதை ஒப்புக்கொள்வாள். போலோன்யாவில் ஒரே அறையில் தங்கி இருவரும் தகவல் அமைப்புகள் படித்தோம். காலையில் அடுப்பைப் பற்றவைப்பது என் வேலை, ஜன்னலைத் திறப்பது அவள் வேலை. எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

முப்பதுக்கு வாங்கிய மதிப்பெண் போதவில்லை என்றால் இங்கே மாணவரே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி தேர்வு எழுதலாம். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதனால் திருப்தியானவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இலேனியாவின் கடைசித் தேர்வு தரவுத்தளம். பேராசிரியர் அங்கேயே இருபத்தாறு என்று சொல்லிவிட்டார். அவள் அறைக்கு வந்து சந்தோஷத்தில் கட்டிலில் குதித்தாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள். நான் சமையலறையில் இருப்பதை மறந்துவிட்டாள். அம்மா என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

"வியோலாவா? அவளுக்குப் பாதித் தேர்வுகூட முடியலம்மா. பாவம், அவ எங்க முடிக்கப் போறா!"

கோபம் வரவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். வந்தது. ஆனால் கோபத்தில் எதையும் செய்கிறவள் நான் இல்லை. ஆறப் போட்டேன். மறுநாள் அவள் புது வேலைக்காக மிலானில் வீடு பார்க்கப் போனாள். மடிக்கணினியைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போனாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் உட்கார்ந்து மறுப்பை அழுத்தினேன். உறுதிதானா என்று கேட்டது. ஆமாம் என்றேன். வந்த மின்னஞ்சலை அழித்துவிட்டு, அவள் துவைத்துப் போட்டிருந்த துணிகளையும் மடித்துவைத்தேன்.

பட்டமளிப்புக்கு அவள் அப்பா தொனாத்தோ ஊரிலிருந்து வந்தார். பட்டம் வாங்கியதும் மகள் தலையில் வைக்க, வீட்டு மரத்துப் பிரிஞ்சி இலையில் தானே கட்டிய மாலையை மடியில் வைத்தே ரயிலில் கொண்டுவந்திருந்தார். அன்றுதான் பல்கலைக்கழக அலுவலகத்தில் அவளுக்கு ஒரு தேர்வு பாக்கி என்றார்கள்.

"உங்க பேர்ல, உங்க கணினியிலேர்ந்து நீங்களேதான் மறுத்திருக்கீங்க" என்றாளாம் அங்கிருந்த பெண். அவளைக் குறை சொல்ல முடியாது. யார் பெயரில் நுழைந்தார்கள் என்பதுதான் கணினிக்குத் தெரியும், யார் நுழைந்தார்கள் என்பது தெரியாது. முதல் வருடமே எங்களுக்கு அதைச் சொல்லித் தந்துவிட்டார்கள்.

தேறிவிட்டதாக வருடக்கணக்கில் வீட்டை ஏமாற்றிய பிள்ளைகளின் கதை இங்கே ஊருக்கு ஒன்று உண்டு.

"எங்க ஊர் மருந்துக்கடைக்காரர் பையனும் பாஸ்னு இப்படித்தான் சொன்னான். கேக் வெட்டுற அன்னைக்கு வரைக்கும் சொன்னான்" என்றார் தொனாத்தோ.

"அப்பா, சத்தியமா பாஸ் பண்ணேன்ப்பா. வியோலா, நீயாவது சொல்லுடி!"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீ சொன்னா நம்புறேன்."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தரையைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் மாலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் அவரும் அம்மாவும் போனை எடுக்கவே இல்லை. நான் அந்த இலைகளை உதிர்த்து, வாரம் முழுக்கச் சூப்பில் போட்டேன். நல்ல வாசனை. இலேனியாதான் சாப்பிடவில்லை.

மிலான் வேலையும் போயிற்று. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை நான்தான் கொடுத்தேன்.

"இருபத்தாறு பத்தாதுன்னு நீதானேடி புலம்பின? அப்ப நீ சரியாத் தூங்கவும் இல்ல. ஏதோ நெனப்புல நீயே அழுத்தியிருப்ப."

அவள் புலம்பவில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னதில், புலம்பியதாக அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். எதை எழுதினாலும் என்னிடம் ஒருமுறை காட்டிவிடுகிறாள்.

தேர்வை மறுபடி எழுதினாள். கணினியின் கடவுச்சொல்லை மாற்றி, புதியதை என்னிடமே கொடுத்தாள். "என் கையை எனக்கே நம்ப முடியலடி. ரிசல்ட் வந்தா நீயே பாத்துக்க. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

இன்று காலை முடிவு வந்துவிட்டது. அவள் இன்னும் தூங்குகிறாள். இருபத்தெட்டு. மோசமில்லை. ஆனால் இலேனியாவை நான் அறிவேன், அவளால் முப்பதே வாங்க முடியும். அவள்மேல் அக்கறை உள்ளவர்கள் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்.

உறுதிதானா என்று கேட்டது. காபி கொதிக்கும் சத்தம் கேட்டது. அது பொங்குவதற்குள் ஆமாம் என்று அழுத்திவிட்டு எழுந்தேன்.