நாலாவது பச்சை விளக்கு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு முதுகு காட்டி இருப்பவர் வேண்டுமானால் இடம் மாறிக்கொள்ளலாம்... இது என் சிநேகிதனின் மச்சானுக்கு நடந்தது.

மணி ஏழு இருக்கும். இருட்டிக்கொண்டு வருகிறது. ஊரை விட்டு விலகிப் போகிற பெரிய சாலை... இரண்டு பக்கமும் பொட்டல். வெளிச்சம் தெரிகிற ஒரே இடம் மச்சானின் கடை. வழியில் நின்றுபோன கார்களைக் கொக்கி போட்டு இழுத்து வருவது அவர் தொழில். ஒரு மஞ்சள் இழுவை வண்டி, பின்னால் கொட்டகை, மாடியில் வீடு. அவ்வளவுதான் சாம்ராஜ்யம்.

இந்தத் தொழிலுக்கு போன்தான் உயிர். பழைய லேண்ட்லைனோ, நாலு தூறல் விழுந்தால் போதும், எதிரே பேசுகிறவர் வாய் நிறைய மணலை மென்றுகொண்டு பேசுவது போல இருக்கும். "நாங்க நிக்கிறது..." என்பது கேட்கும். எங்கே நிற்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது. பொறுத்துப் பார்த்துவிட்டு இன்டர்நெட் போனுக்கு மாறினார் மச்சான். நம்பர் அதேதான்.

இணைப்பு கொடுக்க வந்த பையன் மேஜைமேல் ஒரு சின்னத் திரையை வைத்தான். "கடைக்கு ஒண்ணு, கொட்டகைக்கு ரெண்டு, மாடிக்கு மூணு. எதுல பேசினாலும் இங்க பச்சை எரியும்ணே. தொட்டீங்கன்னா நீங்களும் கேக்கலாம்."

மறுநாளே புகார் வந்தது. "உங்க ஆளு இதோ வரேன்னாரு. வந்து கண்ணாடியைத் தட்டுனாரு. இறங்கிப் பார்த்தா யாரையும் காணோம். என்னங்க விளையாட்டு இது?"

எந்த ஆள்? மச்சானும் பேசவில்லை, மனைவியும் பேசவில்லை. அப்போதுதான் திரையைப் பார்த்தார். மூன்றுக்குக் கீழே நாலு என்று ஒரு எண்... பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பையனைக் கூப்பிட்டார். "நாலா? நான் போடவே இல்லையேண்ணே" என்றான். அங்கிருந்தபடியே அழித்தும் விட்டான். பொழுது சாய்ந்ததும் அது திரும்ப வந்துவிட்டது.

"எவனோ நம்ம லைன்ல புகுந்து வர்ற கிராக்கியை இழுக்குறான்" என்றாள் மனைவி.

மச்சானுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. தட்டில் கை வைப்பார்... எழுந்து போய்த் திரையைப் பார்ப்பார். வந்து உட்காருவார், மறுபடி எழுவார். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உக்காந்து சாப்பிடுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நாலு பச்சையாகிவிட்டது. தொட்டார்.

ஒரு பெண் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "செங்கல் சூளை தாண்டி வளைவுல நிக்கிறோம். குழந்தையும் நானும்தான்..."

பதில் சொன்னது ஓர் ஆண் குரல். கனிவான குரல். "பயப்படாதீங்கம்மா. கண்ணாடியை ஏத்திக்கோங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

மச்சான் கத்தினார். இருவருக்கும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வளைவில் கார் நின்றது. விளக்கு இல்லை. சுற்றிலும் பூச்சிச் சத்தம்கூட இல்லை... இவர் வண்டி எஞ்சின் மட்டும் தடதடத்தது. உள்ளே அந்தப் பெண், காதில் போன், மடியில் தூங்கும் குழந்தை. கண்ணாடியைத் தட்டினார். அவள் பின்னுக்கு நகர்ந்தாள்.

"நீங்க வருவீங்கன்னு சொன்னாரு" என்றாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "மஞ்சள் வண்டியில முதல்ல ஒருத்தன் வருவான், திறக்கவே திறக்காதீங்கன்னு சொன்னாரு."

மச்சான் செல்போனில் மனைவியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கண்ணாடியில் வைத்து அழுத்தினார்.

"தாயே, அவரு என் வீட்டுக்காரரு!" என்றாள் மனைவி. "சட்டையில ரெண்டாவது பட்டன் இருக்காது, பாருங்க. தைச்சுத் தரேன்னா ஒரு நிமிஷம் நிக்க மாட்டாரு மனுஷன்!"

அந்தப் பெண் டார்ச்சை அடித்துச் சட்டையைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது. கதவைத் திறந்தாள். கூடவே ஒரு நெடி... வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் அடிக்குமே, அது.

அவளையும் குழந்தையையும் தன் வண்டியில் முன்னால் ஏற்றினார். அவள் தன் காரைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். கொக்கி மாட்டி, காரின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

சூளையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அவள் மடியில் கிடந்த போன் பேசியது. அணைக்க மறந்திருந்தாள்.

"வந்துட்டேன்மா... எங்க போனீங்க?"

அவள் அணைக்கப் பார்த்தாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள், போன் அணையவில்லை.

"சரி... பரவாயில்ல. நான் வண்டியிலேயே உக்காந்துக்குறேன்."

பின்னால் இழுபட்டு வந்த காருக்குள் விளக்கு எரிந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தார் மச்சான். காலை மிதியிலிருந்து எடுக்கவே இல்லை. பெட்ரோல் பங்கின் வெளிச்சத்துக்குள் நுழைந்தபோதுதான் நிறுத்தினார். போன் தானாக அடங்கியது. "நீங்க இறங்காதீங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர் மட்டும் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"யாருமில்லம்மா" என்றார்.

அந்தப் பெண்ணின் தம்பி வந்து அவளையும் குழந்தையையும் பத்திரமாக அழைத்துப் போனான். மறுநாள் மச்சான் கருவி, திரை எல்லாவற்றையும் கழற்றிப் பையனிடம் கொடுத்துவிட்டார். இழுவை வண்டியையும் விற்றுவிட்டார். இப்போது பகலில் பஞ்சர் மட்டும் பார்க்கிறார். கடைக்கு போனே கிடையாது. தேவைப்படுகிறவர்கள் நேரில் வருகிறார்கள்.

அன்று பங்கில் பார்த்ததை மனைவியிடம்கூட ரொம்ப நாள் அவர் சொல்லவில்லை.

நாலு கதவும் பூட்டித்தான் இருந்தன. உள்ளே ஆளில்லை, அது உண்மை. ஆனால் ஓட்டுநர் இருக்கையின் பெல்ட் இழுத்து மாட்டியிருந்தது. அது இருக்கையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. முன்னால் வளைந்து... நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டு நின்றது. அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்து உற்றுப் பார்த்தார்.

பெல்ட் மெல்ல ஏறியது... இறங்கியது. மெல்ல... ஏறியது... இறங்கியது.