பெகாயிமின் பெயரில் பொரித்தது

2011 செப்டம்பர் 22, வியாழக்கிழமை, மாலை. பாமிரில் கரகூல் ஏரிக்கு வடக்கே, ஆளில்லாத சாலையில் ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

பெயர் பெகாயிம். நாரின் ஊர்க்காரி. என் மனைவியின் தோழி ஊல்கானுக்குத் தங்கை. தனியாகவே ஊர் சுற்றிவிட்டு வந்து புத்தகம் எழுதுகிறவள். அதற்குள் மூன்று வந்திருந்தன. பயணம் முடியும்வரை வீட்டுக்கு ஒரு தகவலும் அனுப்ப மாட்டாள். அக்கா குரலைக் கேட்டால் கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும் என்பாள்.

அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை போடுங்கள்... பனி தள்ளும் வண்டி விடிவதற்குள் கணவாய்க்கு வராது, அதுவரை நம் வண்டியும் நகராது. எல்லோரும் களைத்திருக்கிறோம், யாருக்கும் தூக்கம் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சாலையில் வீடு இல்லை. மரம் இல்லை. காற்றும், சரளைக்கல் மேல் அவள் பூட்ஸ் சத்தமும்தான். அப்போது வாசனை வந்தது. ஆட்டுக்கொழுப்பில் மாவு பொரிகிற வாசனை. போர்சோக் பலகாரம். ஒரு ஈடு எடுத்து அடுத்த ஈடு போடும்போது சடசடவென்று எண்ணெய் சீறுமே... அதுவும் கேட்டது.

நின்றாள். வாசனையும் நின்றது. நடந்தாள். கூடவே வந்தது.

இரவு கூடாரத்தில் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள். இறங்கவில்லை. விருந்து சாப்பிட்டதுபோல் வயிறு நிறைந்திருந்தது.

அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்த வியாழனும்.

"இருங்க அண்ணே," என்றான் எங்கள் டிரைவர் ஜோல்தோஷ். "வியாழக்கிழமை செத்தவங்களுக்குல்ல எண்ணெய் காய வைப்போம்? பேரைச் சொல்லிப் போட்டா வாசனை அவங்களுக்குப் போகும். உயிரோட இருக்கிறவளுக்கு எப்படிப் போச்சு?"

"நீயும் உன் வண்டி மாதிரி நடுவழியில நிக்கிறியே," என்றாள் போர்வைக்குள்ளிருந்து கல்பூபு அத்தை. "அவரு சொல்லட்டும்டா."

சொல்கிறேன். செப்டம்பர் தொடக்கத்தில் ஓஷ் டாக்ஸி நிலையத்தில் பெகாயிம் நின்றிருக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். வடக்கே போகிறவள். பெகாயிம் தன் ஊதாக் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை. இவள் தெற்கே வண்டி ஏறினாள்.

வடக்கே போன அந்த டாக்ஸி ஆற்றில் விழுந்தது. உடல் பல நாள் கழித்துத்தான் ஒதுங்கியது. பாறைகள் முகத்தை விட்டுவைக்கவில்லை. ஆனால் கோட்டின் கைமடிப்பில் தையல் இருந்தது. ஊல்கான் தன் கையால் போட்ட தையல். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க பெகாயிம்தான்," என்றாள். குளிப்பாட்டி, புதைத்து, கல்லும் நட்டார்கள். புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த படத்தைப் பார்த்துக் கல்லில் முகம் செதுக்கினார்கள். அன்றிலிருந்து வியாழன் தவறாமல், தங்கை பெயரைச் சொல்லி மாவைக் கொழுப்பில் போட்டாள்.

இதெல்லாம் பெகாயிமுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது களைப்பு மட்டும். சோறு இல்லை, பசியும் இல்லை. இடுப்புப் பட்டையில் புதிது புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. முர்காபில் ஒரு வீட்டில் தேநீர் ஊற்றிய கிழவி, வாசலைப் பார்த்துக் கடிந்துகொண்டாள்.

"கூட வந்தவள ஏன் வெளியவே நிக்க வச்சிருக்க? பாவம், தலையெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

முர்காபில் அன்று மழை இல்லை.

அவள் அதோடு பயணத்தை முடித்துக்கொண்டாள். வண்டி மாறி மாறி, நவம்பரில் ஒரு வியாழன் பொழுது சாயும் நேரம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதே வாசனை.

ஊல்கான் திரும்பிப் பார்த்தாள். அலறவில்லை. அவளும் அவ்வளவு ஓய்ந்துபோயிருந்தாள்.

"வந்துட்டியா... அங்கயே நில்லு. உள்ள வராத."

"அக்கா, நான்தான். சாகல."

"எல்லாச் செத்தவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க." கரண்டியில் ஒரு போர்சோக்கை எடுத்து நீட்டினாள். "வாசனை பிடிக்கிறது அவங்க வேலை. உயிரோட இருந்தா மென்னு முழுங்கு."

இரண்டு மாதமாக ஒழுங்காக எதுவும் இறங்காத தொண்டை. பெகாயிம் வாயில் போட்டாள். மென்றாள்... குமட்டியது. ஊல்கானின் கை மெல்லக் கதவைச் சாத்த வந்தது. பெகாயிம் கண்ணை மூடி விழுங்கினாள். நாக்கு வெந்துபோய், ஆண்கள் மட்டும் சொல்லும் ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்தது.

"அட நாசமாப் போறவளே!" என்று ஊல்கான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த வியாழன் ஊல்கான் எண்ணெய்ச் சட்டியை எடுக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் வெளியே காலடி கேட்டது. வீட்டைச் சுற்றி வந்தது. ஆற்று மணல் வாசனை. சமையலறைப் புகைக்குழாய்க்குக் கீழே நின்றது. விடியும்வரை நின்றது. பெகாயிம் சூப்பை வாய்வரை கொண்டுபோய் வைத்துவிட்டாள். பசி மறுபடி போய்விட்டது.

"பொரிச்சுப் போடு அக்கா. என் பேருக்கு வந்ததெல்லாம் நான் தின்னுட்டேன். என் கோட்டோட போனவ பட்டினி."

"யாரு பேரைச் சொல்லிடீ போடுறது?"

போலீஸில் விசாரித்தார்கள், ஓஷ் நிலையத்தில் கேட்டார்கள். அந்தப் பெண்ணை யாரும் தேடவில்லை. யாருக்கும் பெயர் தெரியவில்லை. வாரத்துக்கு வாரம் காலடி வந்தது. பெகாயிமுக்கு எழுந்து நிற்கவும் தெம்பு போனது.

"அப்ப என் பேர அவளே வச்சுக்கட்டும்," என்றாள் பெகாயிம்.

கல்லறைக் கல்லை மாற்றவில்லை. 2012 வசந்தத்தில் அவள் பாஸ்போர்ட்டில் பெயர் மாறியது: சாய்கால். நான்காவது புத்தகம் அந்தப் பெயரில்தான் வந்தது. வியாழன்தோறும் பெகாயிம் பெயரில் மாவு பொரிகிறது. காலடி நின்றுவிட்டது. சாய்கால் நன்றாகச் சாப்பிடுகிறாள், மறுபடி தனியாகப் பயணம் போகிறாள்.

போன கோடையில் நானும் மனைவியும் ஊல்கான் வீட்டுக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி பழைய பழக்கத்தில் வேலிக்கு அப்பாலிருந்து, "பெகாயிம்!" என்று கூப்பிட்டாள்.

சாய்கால் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, திரும்பவும் இல்லை.

வெளியே, சமையலறைப் புகைக்குழாய்ப் பக்கமிருந்து, "இதோ வர்றேன்," என்று பதில் வந்தது.