இரண்டு பேருக்கான பை

ஸ்காபரோவில் மார்க்கம் வீதி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். வயதானவரின் மடியில், இலவசமாகச் சாமான் தரும் உணவு வங்கியில் வாங்கிய பை.

“என்ரை மனிசன் செத்ததை நான் இன்னும் அங்கை சொல்லேல்லை, பிள்ளை.”

“ஏன் அன்ரி?”

“சொன்னால் ஒராளுக்குத்தான் சாமான் தருவினம். பென்சன் முழுக்க வாடகைக்குப் போகுது. ரெண்டு பேரின்ரை சாமானிலைதான் என்ரை மாசம் ஓடுது.”

“அங்கிளைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“இண்டைக்குக் கேட்டவை. சாமான் குடுக்கிற பெட்டை ‘அங்கிளைக் காணேல்லை’ எண்டாள். குளிருக்கு வெளிக்கிடேல்லை, வீட்டிலை படுத்திருக்கிறார் எண்டன். பாவம், அவருக்குக் குடுங்கோ எண்டு ஒரு சூப் டின் கூடப் போட்டாள்.”

இளையவர் பைக்குள் இருந்த சூப் டின்னைப் பார்த்தார். பிறகு, “அதை என்ன செய்யப் போறியள்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“குடிக்கத்தான் போறன். காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவரின்ரை படம் ஹோலிலை கொழுவியிருக்கு. அவர் காணாமல் நான் குசினிக்குள்ளை அடுப்படியிலை நிண்டு குடிப்பன்.”