கடைசிச் சீட்டுக்கு யோசித்த நேரம்

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஆவிக்குளியல் அறைக்கு அடுப்பு மூட்டுவது என் மைத்துனன் பெக்சாத்தின் வேலை. அவன் மூட்டினால் அறை சீக்கிரம் சூடாகும். பொறுமை கிடையாது, அவ்வளவுதான்.

அடுப்புப் புகை அடைத்து இறந்தான், விபத்து, இறக்கும்போது உடன் யாரும் இல்லை என்று பெக்சாத்தைப் பற்றி விசாரணை அறிக்கையில் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன் ஐயா. முதல் இரண்டும் சரி. மூன்றாவது சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன். முன்பு நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, விட்டுப்போனது உண்டு. இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

அன்று பிற்பகல் நான் சமையலறை ஜன்னலோரம் கணினியில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தேன். என்னோடு ஆடியவன் பெக்சாத். முற்றத்துக்கு அந்தப் பக்கம், குளியல் அறையை ஒட்டி, அடுப்பின் வாய் இருக்கும் உடை மாற்றும் அறையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தான். மேசையில் நாங்கள் இருவர் மட்டும். என் மனைவி மரால், அவனுடைய அக்கா, சித்தி வீட்டுக்குத் தேநீருக்குப் போயிருந்தாள். பேசிக்கொள்வதற்கு என் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்திருந்தேன்.

அக்காள் கணவனைக் கேலி செய்ய எங்கள் கசாக் வீடுகளில் மைத்துனனுக்கு உரிமை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குக் கோபித்துக்கொண்டால் கோபிப்பவன்மேல்தான் குற்றம். நான் ஒருநாளும் கோபித்ததில்லை.

"என்ன மச்சான், சீட்டு புரியுதா? இல்ல அக்கா வந்தப்புறம் கேட்டுட்டு ஆடுறீங்களா?"

"நீ அடுப்பப் பாருடா."

"அடுப்பு எங்கப்பா கட்டுனது. என் பேச்சத்தான் கேக்கும். நாய்க்குட்டி மாப்ள பேச்செல்லாம் கேக்காது."

பெண் வீட்டிலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளைக்கு ஊர் வைத்த பெயர் அது. தகப்பன் வீடு கடைசி மகனுக்கு என்பதும் ஊர் வழக்கம்தான். வசந்தத்தில் பெக்சாத்துக்குக் கல்யாணம் நடக்கவிருந்தது. எங்களைக் காலி செய்யும்படி அவன் சொன்னதே இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வாரம் எங்கள் படுக்கையறையில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தான். "தொட்டில் போட இந்த மூலை தோதா இருக்கும் மச்சான்" என்றான். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிடித்துக்கொண்டேன்.

ஆட்டத்தின் நடுவே கைபேசியில் ஒரு சத்தம் கேட்டது. புகைக்குழாயின் இரும்புத் தகட்டைத் தள்ளி அடைக்கும் சத்தம். கரியின்மேல் நீலச்சுடர் இருக்கும்வரை அதை அடைக்கக்கூடாது. இங்கே எல்லோருக்கும் தெரியும். சூடு வீணாகிறதே என்று எல்லோரும் கொஞ்சம் முன்னதாகவே அடைக்கிறோம். பெக்சாத் எல்லோருக்கும் முன்னதாக அடைப்பான்.

நான் சுரங்கத்தில் வாயு அளக்கிறவன். குழாயை அடைத்தால் கரியிலிருந்து அறைக்குள் இறங்கும் வாயுவுக்கு வாடை கிடையாது. முதலில் தலை வலிக்கும். பிறகு சின்னக் கணக்குக்கூடத் தடுமாறும். அதற்குப் பிறகுதான் கால் விழும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதே வரிசையில்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். மேசையில் விரித்த சீட்டுகளில் ஒரு ராஜா இருந்தது, என் கையில் ஒரு ராஜா. ஐந்தாவதாக விழுகிற கடைசிச் சீட்டை ரிவர் என்போம். விழுந்தது ஹார்ட்டின் இரண்டு. அதோடு மேசையில் ஹார்ட்டின் சீட்டுகள் மூன்றாயின. அவன் கையிலும் இரண்டு ஹார்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும், என் ராஜாக்கள் செல்லாது. முதலில் பந்தயம் கட்ட வேண்டியவன் அவன். வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு தன்னிடமிருந்த அத்தனையையும் வைத்தான்.

நான் அவன் வைத்ததற்கு ஈடு வைக்க வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும்.

பெக்சாத்தின் ஆட்டம் எனக்கு மனப்பாடம். கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டும்போது சட்டென்று வைப்பான். உண்மையிலேயே சீட்டு இருந்தால்தான் தாமதிப்பான். அந்தக் கணக்குப்படி நான் கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று தோன்றியது.

"மச்சான்... நான் எல்லாத்தையும் வச்சுட்டனா?"

"வச்சுட்ட."

"தல விண்ணு விண்ணுனு தெறிக்குது. சூடு ஜாஸ்தியாயிருச்சு போல."

"இருக்கும்."

"எந்திரிச்சு வெளிய வரவா?"

"இருடா. நான் இன்னும் யோசிச்சு முடிக்கல."

"சரி... யோசிங்க யோசிங்க. நாய்க்குட்டி..." மீதியை அவன் சொல்லவில்லை.

முடிவெடுக்கக் கூடுதல் நேரம் கேட்க அந்த ஆட்டத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். அதில் தவறில்லை, விதியிலேயே இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குளியல் அறையின் புகைக்குழாயில் புகை இல்லை, கதவு மூடியிருந்தது, கதவடியில் சூடு போகாமலிருக்க அவனே உள்ளிருந்து சொருகிய பழைய கம்பளத்தின் ஓரம் தெரிந்தது. என் காலணி வாசலிலேயே இருந்தது. கூடுதல் நேரம் தீரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஈடு வைத்தேன்.

அவன் சீட்டு திறந்தது. ஐந்தும் ஆறும். ஒரு ஹார்ட்டின்கூட இல்லை. வெறும் மிரட்டல்.

அப்படியானால் அவன் தாமதித்தது சீட்டினால் அல்ல. ஜெயித்தபோது எனக்குத் தெரிந்தது அதுதான். அப்போதும் நான் எழுந்து போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று உங்கள் மருத்துவர் சொல்வார். சரியாகத்தான் சொல்வார்.

கைபேசியில் குறட்டைச் சத்தம் வந்தது. தூங்குகிறான் என்று நினைத்தேன் என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். அது தூக்கத்தின் குறட்டை இல்லை. சுரங்கத்தில் அதை நான் கேட்டிருக்கிறேன். கேட்டதும் முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடியும் இருக்கிறேன். இங்கே கெட்டிலை அடுப்பில் ஏற்றினேன். கிண்ணத்திலிருந்து சர்க்கரை எடுக்கக் கைபேசியைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

இணைப்பை நான் துண்டிக்கவில்லை. உறவுக்காரனோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் வைப்பது மரியாதை இல்லை; ஆகவே அந்தச் சத்தம் தானாக நிற்கும்வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.