பை இருந்தால் ஆள் இருக்கிறது

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தூசி அதிகம் ஐயா. வாரம் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள், இன்னும் நாலு வருடம் உழைக்கும். ரைட்டர் அண்ணன் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டினால் வேலை செய்கிற காலமெல்லாம் பழைய டிவியோடு போயிற்று.

என் பெயர் பிராங்கிளின். சொந்த ஊர் திண்டுக்கல். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பு மில்லில் ஏழு வருடமாக சர்வர் பார்க்கிறேன். மில் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் வாசல் மெஷினில் விரல் வைப்பார்கள். யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்பது பேர் பேராக என் பெட்டியில் ஏறிவிடும். அதைப் படுக்கவிடாமல் வைத்திருப்பது என் வேலை. படுத்தால் எழுப்புவதும் என் வேலை.

முதல் மூன்று வருடம் அது ஒருநாள்கூடப் படுக்கவில்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. மேனேஜர் ஆனந்த்ராஜ் சார் ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஏப்பா, ஏசியில உக்காந்து அப்படி என்னதான் செய்யுற?" என்றார். மறுவாரமே என் நாற்காலி வாசலுக்குப் போய்விட்டது, லாரி நம்பர் எழுத. வெயிலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறவனை யார் மதிக்கிறார்கள்? ரொம்ப அவமானமாக இருந்தது, மறைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் நிஜமாகவே சர்வர் படுத்தது. எலி ஒயரைக் கடித்துவிட்டது. ஷிப்ட் முடிகிற நேரம். விரல் வைக்காமல் போனால் ஆப்சென்ட் ஆகிவிடும் என்பதால் வாசலில் இருநூறு பெண்களும் அப்படியே நின்றார்கள். நான் ஓடிப்போய் இருபது நிமிடத்தில் எழுப்பினேன். கை தட்டினார்கள் ஐயா. கழிவுப் பஞ்சு அறையில் வேலை பார்க்கும் மரியசெல்வி, வாய் ஓயாத பிள்ளை, "பிராங்கிளின் அண்ணே இல்லாட்டி அம்புட்டுப் பேரும் இங்கனயே குடியிருக்க வேண்டியதுதான்டி" என்றாள். மறுநாள் கேன்டீன் சுந்தரம்மாள் அக்கா என் தட்டில் இரண்டு முட்டை வைத்தார். நாற்காலியும் ஏசி அறைக்கே திரும்பி வந்தது.

எலியை நம்பிப் பிழைக்க முடியுமா? அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை நானே ஒரு சின்ன ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். இருபது நிமிடம் கழித்து மாட்டுவேன். சீக்கிரம் மாட்டினால் மதிப்பிருக்காது, ரொம்ப இழுத்தால் எரிச்சலாகிவிடுவார்கள். இருபதுதான் சரி. ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதைச் சாமியாரிடம் சொல்லவில்லை. பாவமாக இருந்தால்தானே சொல்ல வேண்டும்.

யாருக்கும் கஷ்டம் வரக்கூடாது என்று மாற்று ஏற்பாடும் செய்திருந்தேன். சர்வர் படுத்தால் பெண்கள் அவரவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். டிரைவர் எண்ணி, காலையில் ஏற்றி வந்த கணக்கோடு ஒத்துப்பார்த்துச் சொல்ல வேண்டும். சேவுகம்பட்டி பஸ் டிரைவர் சூசை அண்ணன்தான் ஒரு சந்தேகம் கேட்டார். அந்தப் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்துக்கு அடிதடி. சாப்பாட்டு நேரத்திலேயே வந்து ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள்.

"பைதான் கெடக்கு, ஆளு தண்ணி பிடிக்கப் போயிருச்சு. அப்ப எப்புடிப்பா எண்ண?"

"பை இருந்தா ஆள் இருக்குன்னு வச்சுக்கங்கண்ணே."

நல்ல யோசனை என்று எல்லோருமே சொன்னார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு ஒயரைக் கழற்றினேன். ஒன்று நாற்பத்தைந்துக்குப் பஞ்சுக் குடோனில் தீப்பிடித்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் வெளியே வந்து பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எல்லாம் மாதாமாதம் நான் கொடுத்த பழக்கம்.

ஆனந்த்ராஜ் சார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பிராங்கிளின், பேர் லிஸ்ட்டக் குடுப்பா, ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுப் பாக்கணும். எம்புட்டு நேரமாகும்?"

"இருபது நிமிஷம் சார்."

மாட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் வந்திருக்கும். ஆனால் நாலு வருடமாக இருபது நிமிடம் எடுத்த கோளாறு அன்று மட்டும் ஒரு நிமிடத்தில் சரியானால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மறுபடி லாரி நம்பர் எழுத என்னால் முடியாது ஐயா.

சூசை அண்ணன் எண்ணினார். காலையில் ஐம்பத்திரண்டு, இப்போதும் ஐம்பத்திரண்டு. மற்ற பஸ்களும் சரியாக இருந்தன. பத்து நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்தது. "உள்ள ஆள் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். கணக்கு சரியாக இருக்கிறது என்று சொன்னோம். அதனால் வெளியே நின்றே தண்ணீர் அடித்தார்கள்.

இரண்டு ஆறுக்கு ஒயரை மாட்டினேன். சொன்ன சொல் தவறவில்லை. பெண்கள் இறங்கி வரிசையாக விரல் வைத்தார்கள். கடைசியில் திரையில் ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. சூசை அண்ணன் பஸ்ஸுக்குள் ஓடி ஜன்னல் ஓரத்திலிருந்த நீலப் பையைத் தூக்கிப் பார்த்தார். கழிவுப் பஞ்சு அறை குடோனுக்குப் பின்புறம்தான் இருக்கிறது. கதவருகிலேயே கிடந்தாளாம். வந்தவுடன் தெரிந்திருந்தால் தூக்கியிருப்போம் என்றார் அதிகாரி. அவர் வேலையில் நான் குறை சொல்லமாட்டேன்.

ஒயர் எப்போது கழன்றது, எப்போது ஏறியது என்பது சர்வரிலேயே இருக்கிறது. அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். நான் நினைத்திருந்தால் அழித்திருக்கலாம். என் கையில் இதுவரை ஒரு பதிவும் தொலைந்ததில்லை. மரியசெல்வி அன்று காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு உள்ளே வந்ததுகூட அப்படியே இருக்கிறது. வெளியே போன நேரம்தான் காலியாக இருக்கிறது, விரல் வைக்காமல் விட்டதற்கு சர்வர் பார்க்கிறவன் என்ன செய்ய முடியும்?