பன்னிரண்டாவது ஆள்

உங்கள் காவல் நிலையத் தேநீரில் புதினா போதாது ஐயா. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வாய்க்கால் ஓரத்துப் புதினாவுக்குப் பழகிய நாக்கு, அவ்வளவுதான்.

மோஹா என் பக்கத்து நிலத்துக்காரன். நாற்பது ஆலிவ் மரங்களும் ஒரு துண்டு பார்லி வயலும் அவனுக்கு. பத்திரம் கிடையாது, எங்கள் அட்லஸ் மலையில் யாருக்குத்தான் இருக்கிறது? நகரத்தான் ஒருவன் அந்த நிலத்தைத் தன் பெயரில் பதியச் சொல்லி மனுப் போட்டுவிட்டான். மறுக்க வேண்டுமானால் பன்னிரண்டு ஆண்கள் போய், சாட்சி எழுதுகிறவர் முன்னால் நின்று, பத்து வருடத்துக்கு மேல் இவன்தான் உழுகிறான் என்று சொல்ல வேண்டும். கெடு தாண்டினால் பிறகு எந்த நீதிமன்றமும் காது கொடுக்காது.

ஊர் இளவட்டமெல்லாம் பிரான்சுக்குப் போய்விட்டது. மோஹா அலைந்து திரிந்து பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"பாஸ்ஸூ அண்ணே, கீழூர்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீங்க வர்றதா இருந்தா அவரை எதுக்கு அலைய விடணும்?"

"அவரை வேணாம்னு சொல்லிடுப்பா. உனக்கு நான் இல்லாம யாரு?" என்றேன்.

வியாழக்கிழமை கடைசி நாள். நான் வீட்டில் இருந்துவிட்டேன். அலுவலகம் மூடும்வரை பதினோரு கிழவர்களும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். நான் பொய்ச்சாட்சி சொல்லவில்லை ஐயா, சாட்சியே சொல்லவில்லை. அதற்குத் தண்டனை உண்டா என்று உங்கள் புத்தகத்தில் பாருங்கள்.

மாலையில் மோஹா ஒரு பை அத்திப்பழத்தோடு வாசலில் நின்றான். "உடம்புக்கு என்னண்ணே? ரக்கியா பயந்துட்டா. குடுத்துட்டு வான்னு அனுப்பினா." நிலம் போன அன்றைக்கு என் உடம்பை விசாரிக்கிறான்.

ரக்கியா அவன் மனைவி. அவளை முதலில் பெண் கேட்டது நான். அவள் அப்பா சரியென்றார், அவள்தான் மாட்டேனென்றாள். இருபது வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருவரும் சிரிப்பது என் காதில் விழும். வயிறு எரிகிறது என்பார்களே, எனக்கு நிஜமாகவே எரியும். வைத்தியரிடம்கூடக் காட்டினேன்.

நிலம் போனால் அந்தச் சிரிப்பு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மோஹா கூலிக்குக் கிணறு தூர் வாரக் கிளம்பினான். இரக்கப்பட்டு என் கிணற்றுக்கும் கூப்பிட்டேன். மதியம் ரக்கியா ரொட்டி கொண்டு வந்தாள். அவன் கையெல்லாம் சேறு என்பதால் அவளே பிய்த்து, எண்ணெயில் தோய்த்து ஊட்டினாள்.

"மெதுவா தின்னுய்யா. ரொட்டி மேல யாரும் கேஸ் போடல."

இருவரும் சிரித்தார்கள்.

அவள் போனதும் அவன் மறுபடி கிணற்றில் இறங்கினான். கயிறு என் கையில் இருந்தது. பாதி இறங்கியவன், "அண்ணே, பிடிச்சிருக்கீங்கதானே?" என்றான்.

"நான் இல்லாம யாரு?" என்றேன்.

ஊரார் சொல்வதுபோல் நான் தள்ளவில்லை. பிடியை விட்டேன். கொஞ்ச நேரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வீட்டுக்குப் போய்த் தேநீர் போட்டேன்.

இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ரக்கியாவின் இத்தா, அதுதான் விதவை மறுமணத்துக்குக் காத்திருக்க வேண்டிய காலம், நான்கு மாதம் பத்து நாளில் முடிந்துவிடும். அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாவம், அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?