ரோசலின் போன வரம்பு

ஷெல் விழுகிறது. முதலாவது தூரத்தில், டொம் என்று. இரண்டாவது ஊளையிட்டு வருகிறது. சுவர் அதிர்ந்து சுண்ணாம்பு தலையில் கொட்டுகிறது. வாசலில் காவல் இருந்தவன் ஓடிவிட்டான். கதவு திறந்து கிடக்கிறது.

"ஓடு ஜெசீமா! நிக்காத, ஓடு!"

ரோசலின் கத்துகிறாள். ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. வீதியைக் கடந்தால் கரும்புத் தோட்டம். உள்ளே விழுகிறோம். கரும்பிலை முகத்தைக் கிழிக்கிறது. மூன்றாவது ஷெல். பிறகு சத்தமே இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஊரில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த இடத்தில் பாங்கு கேட்காது.

நான் சாய்ந்தமருதுக்காரி, கடற்கரைச் சோனக ஊர். தொண்ணூறில் சண்டை தொடங்கியபோது எனக்கு இருபத்திமூன்று வயது. கடலுக்குப் போன என் புருஷன் திரும்பவில்லை. அடக்க மையத்தும் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, தெரிந்த பெண் ஒருத்தி வந்தாள். கொழும்பில் கார்மெண்ட் வேலை, தங்கவும் இடம் தருவார்கள் என்றாள். எனக்குத் தையல் தெரியும். நம்பினேன். வேன் கொழும்புக்குப் போகவில்லை. மேற்கே ஓர் ஊரில், தகரக் கேற் போட்ட வீட்டில் நின்றது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஏழு மாதம். யார் யாரோ வந்தார்கள். தோளில் துவக்கோடும் வந்தார்கள். அதற்கு மேல் எழுதமாட்டேன். அந்த வெட்கம் அவர்களுடையது.

ரோசலின் சொறிக்கல்முனைக்காரி, தமிழ்ப் பிள்ளை. அவளையும் அதே பெண்தான் கூட்டி வந்திருந்தாள். ஏழு மாதமும் என் பக்கத்துப் பாயில் கிடந்தாள். வெளியே தமிழரும், முஸ்லிம்களான எங்கள் சோனகரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காத காலம். உள்ளே அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கரும்பிலிருந்து வயலுக்கு வந்தோம். இரண்டு நாள் நடை. வாய்க்கால் தண்ணீர்தான் குடித்தோம். ஓரிடத்தில் நாங்கள் நடந்து வந்த வரம்பு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அவள் ஊருக்கு. மற்றது கடற்கரைப் பக்கம். அவள் ஊருக்குள் நான் போக முடியாது. என் ஊருக்குள் அவள் வர முடியாது. வீட்டுக்குப் போனதும் எனக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னாள். கால் வீங்கியிருந்தது. சாய்ந்து சாய்ந்து நடந்தாள். மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த நர்ஸ், தவமணி மிஸ்ஸி. காரைதீவுத் தமிழ்ப் பெண். பெயர்கூடக் கேட்கவில்லை.

"தங்கச்சி, இந்தக் கதவைச் சாத்தட்டா, திறந்து வைக்கட்டா?"

அழுதுவிட்டேன். ஏழு மாதத்தில் கதவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. திறந்து வைக்கச் சொன்னேன். தொடுமுன் ஒவ்வொரு முறையும் கேட்டார். வாக்குமூலம் எழுத வந்த பொலிஸ்காரர் எத்தனை பேர், எப்படி என்று தோண்டினார். இவள் சொல்ல விரும்புவதை மட்டும் எழுதுங்கள் என்று மிஸ்ஸி குறுக்கே நின்றார். நான் சொல்ல விரும்பியது ஒன்றுதான். அந்த வீட்டுப் பின்னறையில் இன்னும் மூன்று பெண்கள் பூட்டிக் கிடக்கிறார்கள். பொலிஸ் போய்ப் பார்த்தபோது வீடு வெறுமையாக இருந்ததாம்.

என் கூடப் பிறந்த மூத்தவர், காக்கா, தன் வீட்டில் ஒரு மூலை தந்தார். உம்மா சோறு போட்டார். முகம் பார்க்கவில்லை. கிணற்றடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். இரண்டு பெருநாள் வந்து போனது. யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தையல் மெஷின் சத்தமாவது கேட்கட்டும் என்று வெறும் துணியில் ஊசி ஓட்டியிருக்கிறேன்.

மிஸ்ஸி மட்டும் கிழமைக்கு ஒரு தரம் வந்தார். அந்த நாட்களில் தமிழ்ப் பெண் எங்கள் தெருவுக்குள் வருவது லேசான காரியமில்லை. வரவேண்டாம் என்று காக்கா சொல்லிப் பார்த்தார். வந்தார். புத்தி சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு இருந்தார். ஒரு தரம் புது அடையாள அட்டைக்குப் படிவம் கொண்டு வந்தார். தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, என்ன எழுத என்று என்னைக் கேட்டார். தையல் என்றேன்.

ரோசலினிடமிருந்து ஆள் வரவில்லை. கடைசியில் மிஸ்ஸியிடம் அவள் பெயரைச் சொன்னேன். விசாரித்துவிட்டு வந்தார். அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மகள் கொழும்பில் வேலை செய்கிறாள் என்றே தாய் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். போவதும் போகாததும் உன் விருப்பம் என்றார் மிஸ்ஸி. மூன்று கிழமை யோசித்தேன். போனேன். முக்காட்டோடு, தமிழ்க் கிராமத்துக்குள்.

தாய் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ரோசலினோடு ஒரே வீட்டில் அடைபட்டு, கூட ஓடி வந்தவள் நான் என்றேன். எந்த வீடு, எந்த ஆட்கள் என்று கேட்பார் என்று பயந்திருந்தேன். அதையெல்லாம் கேட்காமல் விட்டார்.

"புள்ள கடைசியா என்ன சொன்னவ?"

"வீட்ட போனதும் எனக்கு ஆள் அனுப்புறன் எண்டு சொன்னா. என்னை ஓட வெச்சது அவதான்மா. நான் உசிரோட இருக்கிறது அவவாலதான்."

அவர் நெல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். வெயில் இறங்கியதும் இருவருமாக நெல்லை அள்ளிச் சாக்கில் போட்டோம். நான் புறப்படும்போது சொன்னார்.

"அப்ப, என்னட்டத்தான் வந்துகொண்டு இருந்திருக்கா."

ஓம் என்றேன்.

இழந்ததை எண்ணிச் சொல்கிறேன். கடலில் என் புருஷன். தகரக் கேற்றுக்குப் பின்னால் ஏழு மாதம். மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை உம்மா என்னோடு கதைக்காத நான்கு வருடம். ரோசலின், வயது இருபத்தாறு. பின்னறையில் மூன்று பேர். மூன்று தட்டுச் சோறு உள்ளே போவதைத்தான் கண்டிருக்கிறேன், அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. ஒருத்தி இருமுவாள். மற்ற இருவரின் சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை.